முதலில் பூங்கா, அப்புறம் கோப்பை

எங்கள் பக்கம் விளையாட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் ஐந்து நிமிஷத்துக்குள் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "நம்ம ஊர்லயும் ஒரு இன்டர்நேஷனல் டோர்னமென்ட் நடத்தினா எல்லாம் மாறிடும்." அடி அண்ணாமலை டீக்கடையில் கேட்டிருக்கிறேன். சென்னையில் இலக்கியக் கூட்டம் முடிந்து வாசலில் நிற்கும்போதும் கேட்டிருக்கிறேன். ஆள்தான் மாறுகிறார். போட்டி வந்தால் பணம் வரும், பணம் வந்தால் மைதானம் வரும், மைதானம் வந்தால் பிள்ளைகள் விளையாடுவார்கள் என்பது இவர்கள் கணக்கு. இந்தக் கணக்கு தலைகீழ் என்பது என் கட்சி.

கிரிக்கெட்டை வைத்து இதைப் பேசினால் ஆளுக்கொரு அணி, சண்டையில் முடியும். அதனால் நம்மில் முக்கால்வாசிப் பேர் கண்ணால் பார்த்திராத ஒரு விளையாட்டை எடுத்துக்கொள்கிறேன். டிஸ்க் கோல்ஃப். அதன் தொழில்முறைப் போட்டிகளின் மொத்த வரலாறே ஐம்பது வருஷம்தான். ஒரு விளையாட்டு எப்படிப் பிறந்தது, காசு எப்போது உள்ளே வந்தது, யார் பையிலிருந்து வந்தது என்று தேதி போட்டுச் சொல்ல முடிகிற அளவுக்குச் சின்ன வரலாறு.

ஆட்டம் எளிது. கோல்ஃப் மாதிரியேதான், பந்துக்குப் பதில் ஃப்ரிஸ்பீ போன்ற வட்டு, குழிக்குப் பதில் சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடை. வட்டு விழுந்த இடத்துக்கு நடந்துபோய் அங்கிருந்து அடுத்த வீச்சு. வழக்கமாக 18 கூடைகள். குறைந்த வீச்சுகளில் முடித்தவர் வென்றார். நடுவர் என்று ஒருவர் விசிலோடு பின்னால் வருவதில்லை, கூட விளையாடுகிறவர்களே தப்பைச் சொல்கிறார்கள். நடை அதிகம். கிரிவலம் போய்ப் பழகிய காலுக்கு அது ஒரு விஷயமே இல்லை.

இதைச் சொன்னதும் ஒரு கூட்டம் கையைத் தூக்கும். "விஷ்ணு சக்கரம்தானே சார் இது? நம்மகிட்டேர்ந்து போனதுதான்." போகவில்லை ஐயா. அமெரிக்காவில் ஃப்ரெட் மாரிசன் என்ற இளைஞரும் அவருடைய காதலி லூசிலும் 1937இல் பாப்கார்ன் டப்பா மூடியைத் தூக்கிப் போட்டு விளையாடினார்கள். அது நசுங்கிப் போனதும் கேக் சுடும் தகரத் தட்டுக்கு மாறினார்கள். கடற்கரையில் அதை வேடிக்கை பார்த்த ஒருவர் அந்தத் தட்டை 25 சென்ட்டுக்குக் கேட்டார். கடையில் அதன் விலை 5 சென்ட். அங்கே ஆரம்பித்தது வியாபாரம். 1955இல் மாரிசன் பிளாஸ்டிக்கில் ஒரு வட்டைச் செய்தார், 1957இல் வாம்-ஓ கம்பெனி அதை வாங்கி ஃப்ரிஸ்பீ என்று பெயர் வைத்தது. பெயர் கனெக்டிகட்டில் இருந்த ஒரு பை தயாரிக்கும் கடையிலிருந்து வந்தது. சமையலறைத் தகரத்திலிருந்து வந்த பொருள் இது. சக்கரத்தாழ்வாருக்கு இதில் பங்கில்லை, அவருக்கு வேறு வேலை இருக்கிறது.

சரி, போட்டிக்கு வருவோம்.

1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் அங்கங்கே சிறு கூட்டங்கள் மரம், விளக்குக் கம்பம், குப்பைத்தொட்டி என்று கண்ணில் பட்டதையெல்லாம் குறியாக வைத்து வட்டு எறிந்து கொண்டிருந்தன. நியூயார்க் மாநிலத்தின் ராசெஸ்டர் நகரில் ஜிம் பால்மெரியின் நண்பர் குழு அப்படி ஒன்று. 1974இல் அவர்கள் ஒரு போட்டி அறிவித்தார்கள். வெல்பவருக்குப் புத்தம் புது டாட்சன் கார். நாட்டில் வேறு யார் யார் இதை விளையாடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள அதுதான் வழி என்று நினைத்தார்கள். ஆட்கள் வந்தார்கள், டான் ராடிக் காரை ஜெயித்துக்கொண்டு போனார். டோர்னமென்ட் கட்சிக்காரர்கள் இந்தக் கதையைப் பிடித்துக்கொள்வார்கள்: "பார்த்தீங்களா, கார் வெச்சதும் ஆள் வந்தாச்சு!" கார் வைக்கும்போது ராசெஸ்டர்காரர்கள் ஏற்கெனவே நாலு வருஷமாக விளையாடிக் கொண்டிருந்தார்கள் என்பதை விட்டுவிடுவார்கள். பரிசை ஜெயிக்க வந்தவர்களும் அப்படித்தான், தங்கள் ஊர்ப் பூங்காவில் ஏற்கெனவே வீசிப் பழகியவர்கள்.

அடுத்த வருஷம், 1975இல், வாம்-ஓவில் வேலை பார்த்த எட் ஹெட்ரிக் கலிபோர்னியாவில் லா கன்யாடா ஊரின் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தரத் தளத்தை அமைத்தார். கம்பங்களை நட்டார், அவ்வளவுதான். பூங்கா அரசுடையது, நுழைய காசு கிடையாது. ஜனம் குவிந்தது. ஜனம் வந்தால் சண்டையும் வரும். "பட்டுச்சு", "படலை" என்ற சண்டை. எங்கள் தெருவில் செங்கல்லை ஸ்டம்பாக வைத்து ஆடியவர்களுக்கு இந்தச் சண்டை தெரியும். அதைத் தீர்க்கத்தான் ஹெட்ரிக் சங்கிலியும் கூடையும் கண்டுபிடித்தார். வட்டு சங்கிலியில் பட்டால் சத்தம் கேட்கும், கூடையில் விழுந்து கிடக்கும், வாதத்துக்கு இடமில்லை. 1977இல் காப்புரிமை வாங்கினார். இடையில் 1976இல் தொழில்முறை ஆட்டக்காரர்களின் சங்கத்தையும் அவரே தொடங்கினார். (2002இல் அவர் இறந்தபோது, அவர் விருப்பப்படி அஸ்தியைக் கலந்து வட்டுகள் வார்த்தார்கள். ஆற்றில் கரைக்கிற நமக்குக் கேட்க ஒரு மாதிரியாக இருக்கும். எனக்கு அந்த மனுஷனைப் பிடித்துப் போனதே இந்தத் தகவலால்தான்.)

1979இல் பெரிய காசு வந்தது. ஹண்டிங்டன் பீச்சில் வாம்-ஓ நடத்திய போட்டி, மொத்தப் பரிசு 50,000 டாலர். அன்றைக்கு அது மலைப்பான தொகை. கம்பெனிக்கு விளம்பரம். 1982இல் அந்தக் கம்பெனியே கைமாறிப் போயிற்று. இங்கே டோர்னமென்ட்தான் வேர் என்றால் மரம் சாய்ந்திருக்க வேண்டுமே? சாயவில்லை. அதே 1982இல்தான் முதல் உலகப் போட்டி நடந்தது. அந்தச் சமயத்தில்தான் ஹெட்ரிக் சங்கத்தை ஆட்டக்காரர்கள் கையிலேயே ஒப்படைத்தார். கம்பெனி போனாலும் பூங்காவில் கம்பம் நின்றுகொண்டிருந்தது, ஞாயிற்றுக்கிழமை ஆள் வந்துகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு வெகுகாலம் பரிசுப்பணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? பெரும்பாலும் ஆட்டக்காரர்கள் கட்டிய நுழைவுக் கட்டணத்திலிருந்து. தோற்றவன் கட்டிய காசுதான் ஜெயித்தவனுக்குப் பரிசு. நம் ஊர் டென்னிஸ் பால் கிரிக்கெட் போட்டிகளைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது. டீமுக்கு என்ட்ரி ஃபீஸ், முதல் பரிசு உபயம் இன்னார் என்று ஃப்ளெக்ஸில் பெரிய முகம், ராத்திரி டியூப் லைட் வெளிச்சத்தில் ஃபைனல். உபயக்காரர் கொடுப்பதைவிட டீம்கள் கட்டியது அதிகமாகவே இருக்கும், ஃப்ளெக்ஸில் முகம் மட்டும் அவருடையது. 'புரொஃபஷனல்' என்ற வார்த்தையைக் கேட்டதும் நாம் கண்ணை விரிக்கிறோம். டிஸ்க் கோல்ஃபில் அந்த வார்த்தைக்குப் பல வருஷம் இருந்த அர்த்தம், பழைய வேனில் நாடு முழுக்கச் சுற்றி, வேனிலேயே தூங்கி, கட்டிய காசைத் திரும்ப எடுக்கப் போராடுவது.

இந்த விளையாட்டின் புகழ்பெற்ற போட்டிகளில் ஒன்று யுனைடெட் ஸ்டேட்ஸ் டிஸ்க் கோல்ஃப் சாம்பியன்ஷிப். 1999இல் சவுத் கரோலினாவின் ராக் ஹில்லில், வின்த்ராப் பல்கலைக்கழக வளாகத்தில் ஆரம்பித்தது. ஆரம்பித்தவர் ஹரால்ட் டுவால். 1982 உலகப் போட்டியை வென்றவர், 1983இல் தொடங்கிய இன்னோவா என்ற வட்டுக் கம்பெனியின் நிறுவனர்களில் ஒருவர். முதல் வருஷம் ஜெயித்தவர் கென் க்ளைமோ, உலகப் பட்டத்தைப் பன்னிரண்டு முறை வாங்கியவர். வட்டு விற்கிறவரே போட்டியையும் நடத்துகிறார். இதை ஊழல் என்று நான் சொல்லவரவில்லை. வேறு யாரும் காசு போட முன்வராத இடத்தில் அவர்தான் போட்டார். அவருக்குக் காசு எங்கிருந்து வந்தது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

வின்த்ராப் தளத்தின் அடையாளம் மஞ்சள் கயிறு. அந்த வளாகம் ஒரு ஏரியும் விரிந்த புல்வெளியும். அப்படியே விட்டால் கைதேர்ந்த ஆட்டக்காரனுக்கு அங்கே சவாலே கிடையாது. ஆகவே புல்லின் மேல் கயிறு போட்டார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் வட்டு விழுந்தால் சரி, ஒரு விரல் தள்ளி அந்தப் பக்கம் விழுந்தால் ஒரு வீச்சு அபராதம். இரண்டு பக்கமும் ஒரே புல். போட்டி இல்லாத நாளில் அங்கே யாரும் உட்கார்ந்து படிக்கலாம். ஒரு வெளியை அரங்கமாக்க எவ்வளவு குறைவாகத் தேவைப்படுகிறது பாருங்கள்! போட்டி முடிந்ததும் கயிற்றைச் சுருட்டி எடுத்துவிடலாம். அடியில் புல்வெளி இல்லாவிட்டால் அந்தக் கயிற்றை வைத்து என்ன செய்வது? நம் ஊரில் ஃபார்முலா 4 கார் பந்தயத்துக்காகத் தீவுத்திடலைச் சுற்றிய சாலைகளை 2024இல் அடைத்தபோது எனக்கு இந்த மஞ்சள் கயிறு நினைவுக்கு வந்தது. அங்கே கயிறு மட்டும் இருந்தது. அந்தப் பந்தயத்தைப் பார்த்துவிட்டு வீடு திரும்பிய பையன் மறுநாள் எங்கே போய் கார் ஓட்டிப் பழகுவான்?

அந்தப் போட்டியின் வரலாற்றில் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பது 2011ஆம் வருஷத்தை. அந்த ஒரு வருஷம் விதியை மாற்றினார்கள். ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் பழைய ஆட்டங்களை வைத்துக் கணக்கிட்ட ஒரு தரப்புள்ளி உண்டு. அந்தத் தரத்தைவிட யார் அதிகம் மேலே போகிறாரோ அவருக்கே பட்டம் என்றார்கள். உலகத்தின் முதல் இடத்தில் இருப்பவரும் உள்ளூர்க்காரரும் ஒரே தராசில், அவரவர் நேற்றைய நிலைக்கு எதிராக. உச்சத்தில் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். அது நியாயமும்தான், எப்போதும் நன்றாக ஆடுகிறவனுக்கு அவனுடைய நன்மையே தண்டனையாகிறதே. மறு வருஷம் பழைய முறைக்கே திரும்பிவிட்டார்கள். தோற்றுப்போன யோசனை. ஆனாலும் ஒரு தொழில்முறைப் போட்டி, தன் வாழ்நாளில் ஒரு முறையாவது, யார் பெரியவன் என்று கேட்பதை நிறுத்திவிட்டு யார் முன்னேறியவன் என்று கேட்டது. பூங்காவிலிருந்து வந்த விளையாட்டுக்குத்தான் அப்படிக் கேட்கத் தோன்றும்.

இப்போது காசு விஷயம். 2021இல் பால் மெக்பெத் என்ற ஆட்டக்காரருக்கு டிஸ்கிராஃப்ட் கம்பெனி பத்து வருஷத்துக்கு ஒரு கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்தது. அதே வருஷம் யூட்டா மாநிலத்தின் ஆக்டனில் நடந்த உலகப் போட்டியில் கடைசிக் கூடை வரை மெக்பெத் முன்னிலை. ஜேம்ஸ் கான்ராட் 247 அடி தூரத்திலிருந்து வீசிய வட்டு நேராகச் சங்கிலிக்குள் போய் விழுந்தது. சமன். அடுத்து நடந்த சிறப்பு ஆட்டத்தில் கான்ராட் ஜெயித்தார். அந்த வீடியோவை நீங்களும் பாருங்கள், கூட்டம் கத்துவதைக் கேட்டால் உடம்பு சிலிர்க்கும். நான் போட்டிகளுக்கு எதிரி என்று யாராவது நினைத்தால் அந்த வீடியோவை நான் எத்தனை முறை பார்த்தேன் என்று என் வீட்டில் கேட்டுக்கொள்ளலாம்.

கேள்வி அதுவல்ல. அந்த ஒரு கோடி டாலர் எங்கிருந்து வந்தது? டிக்கெட்டிலிருந்தா? டிவியிலிருந்தா? கம்பெனி பிளாஸ்டிக் வட்டு விற்று வந்த காசு அது. வட்டை வாங்கியவர்கள் யார்? சனி, ஞாயிறு பக்கத்துப் பூங்காவில் இலவசமாக விளையாடும் லட்சக்கணக்கான சாதாரண ஜனம். உலகத்தில் இன்று 15,000க்கும் மேற்பட்ட தளங்கள் இருக்கின்றன. அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு வாசலில் சீட்டு கிடையாது. பின்லாந்து மாதிரி சின்ன நாட்டில் கூட நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. டுவாலின் போட்டிக்கும் மெக்பெத்தின் கோடிக்கும் ஊற்று அங்கேதான். பூங்கா, அதிலிருந்து ஆட்டக்காரர், அவர் வாங்கும் வட்டு, அந்தக் காசில் போட்டி, கடைசியில் நட்சத்திரம். நாம் கடைசியில் இருப்பதை முதலில் இறக்குமதி செய்யப் பார்க்கிறோம்.

"அதெல்லாம் அமெரிக்காவுக்கு சரி சார், இங்க போட்டி நடத்தினாத்தான் கவனம் கிடைக்கும். செஸ் ஒலிம்பியாட் நடத்தலையா?" என்று கேட்பீர்கள். நடத்தினோம். 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை மாமல்லபுரத்தில். நேப்பியர் பாலத்துக்குச் சதுரங்கக் கட்டம் தீட்டினோம். நன்றாகவே நடந்தது, எனக்கும் பெருமைதான். ஆனால் அந்த ஒலிம்பியாட் குகேஷை உருவாக்கவில்லை. குகேஷ் மாதிரிப் பிள்ளைகள் இங்கே இருந்ததால்தான் ஒலிம்பியாடுக்கே இங்கே அர்த்தம் இருந்தது. சென்னையில் சதுரங்கத்தின் பூங்கா எது என்று தேடினால் ஐம்பது வருஷம் பின்னால் போக வேண்டும். 1972இல் சோவியத் கலாச்சார மையத்தில், இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டரான மானுவல் ஆரோன் முன்னின்று நடத்திய தால் செஸ் கிளப். ஒரு கூடம், மேஜைகள், பலகைகள், கடிகாரங்கள். ஜெயித்தவர் உட்கார்ந்திருக்க, தோற்றவர் எழுந்து அடுத்தவருக்கு இடம் விட, மணிக்கணக்காக ஆட்டம். சின்னப் பையனாக ஆனந்த் உட்கார்ந்து எழுந்தது அந்த நாற்காலிகளில்தான்.

வட்டுக்கும் நம்மிடம் ஒரு சாட்சி இருக்கிறது. சென்னைக் கடற்கரையில், பெசன்ட் நகர் பக்கம், மீனவக் குப்பத்துப் பிள்ளைகளும் கல்லூரி மாணவர்களும் ஐ.டி. ஊழியர்களும் சேர்ந்து அல்டிமேட் ஃப்ரிஸ்பீ ஆடுகிறார்கள். ஆணும் பெண்ணும் ஒரே அணியில், இதிலும் நடுவர் இல்லாமல். சாதியும் வர்க்கமும் தெருவுக்குத் தெரு மாறுகிற நகரத்தில் அப்படி ஓர் அணி எப்படிச் சாத்தியமாயிற்று? மணல் யாருக்கும் சொந்தமில்லாமல் இருந்ததால். அதே பிள்ளைகளை ஒரு கிளப் வாசலில் நிறுத்தியிருந்தால் வாட்ச்மேன் யாரை உள்ளே விட்டிருப்பார் என்று உங்களுக்கே தெரியும்.

எங்கள் ஊருக்கு வருகிறேன். அண்ணாமலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை. அதன் மேற்குப் பக்கத்தில் இருக்கிறது அடி அண்ணாமலை. பௌர்ணமி ராத்திரியில் வந்து பாருங்கள். நள்ளிரவு ஒரு மணிக்குப் பெண்கள் தனியாக, கூட்டமாக, கைக்குழந்தையோடு நடந்து போவார்கள். "இந்த நேரத்துல எங்க கிளம்பிட்ட?" என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். சீட்டில்லை, வயது வரம்பில்லை, முதலில் வந்தவருக்குக் கோப்பையும் இல்லை. மறுநாள் காலை அதே பெண் ஒரு மைதானத்தில் ஓட வேண்டுமென்றால் மைதானத்தை கிரிக்கெட் பையன்கள் பிடித்திருப்பார்கள். ஒரு ஓரமாக நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். நடந்துகொண்டே ஆடுகிற, நாலு பேர் போதும் என்கிற ஒரு விளையாட்டின் மேல் எனக்கு ஆசை வந்தது இந்த இடத்தில்தான்.

உடனே, "மலையடிவாரத்துல பதினெட்டு கூடை வெச்சு ஒரு ரிசார்ட் போடலாமே" என்று ஒரு மூளை வேலை செய்யும். பாதை ஓரமெல்லாம் 'மலை தரிசனம் உள்ள மனை' என்று கல் நட்டு விற்றுக்கொண்டிருக்கிற ஊரில் அந்த மூளைக்குப் பஞ்சமில்லை. மலைமேல் கை வைக்காதீர்கள். மொட்டையாகக் கிடந்த சரிவுகளில் 1980களின் இறுதியிலிருந்து ஆட்கள் மரம் நட்டு, தீ வைத்தால் அணைத்து, காட்டைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள். பாதையை அகலப்படுத்த மரங்களை வெட்டத் தொடங்கியபோது விஷயம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிற்று. 2024 டிசம்பரில் பெய்த மழையில் சரிவில் மண் இறங்கி ஒரே வீட்டில் அகப்பட்ட ஏழு பேர் செத்தார்கள். அந்த மலைக்குப் புதிதாக ஒரு வேலை கொடுக்க வேண்டியதில்லை.

நான் கேட்பது கீழே. சுற்று வட்டாரத்தில் இன்னும் ப்ளாட் ஆகாமல் மிஞ்சியிருக்கிற மந்தைவெளி, பள்ளிக்கூட மைதானங்கள். தொகுதிக்கொரு மினி ஸ்டேடியம், தலா 3 கோடி ரூபாய் என்று அரசு திட்டம் போட்டிருக்கிறது. வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஸ்டேடியம் என்றால் காம்பவுண்டு சுவர், சுவர் என்றால் கேட், கேட் என்றால் பூட்டு. சாவி யாரிடம் என்று கேட்டால் "அவர் லீவு" என்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பள்ளி மைதானம் ஞாயிற்றுக்கிழமை பூட்டிக் கிடக்கிறது, பிள்ளைகளுக்கு லீவு கிடைக்கிற ஒரே நாளில். திறந்து வைக்க ஒரு ரூபாய் கூட ஆகாது. அதைக் கேட்டு மனு எழுதிப் போனால், "எதாவது டோர்னமென்டா? பர்மிஷன் லெட்டர் இருக்கா?" என்றுதான் முதல் கேள்வி வருகிறது. போட்டி என்றால் ஒரு நாளைக்குத் திறப்பார்களாம். சும்மா விளையாட என்றால் திறக்க முடியாதாம்.

அடுத்த முறை மனு எழுதும்போது 'டோர்னமென்ட்' என்ற வார்த்தையைச் சேர்க்கச் சொல்லி நண்பர்கள் யோசனை சொல்கிறார்கள். சேர்க்கப் போவதில்லை. 'தினமும் மாலை 4 முதல் 7 வரை, ஞாயிறு முழுநாள், ஆண் பெண் எல்லோருக்கும்' என்று எழுதப்போகிறேன். கூடைக்குக் காசு கேட்கவில்லை. ஹெட்ரிக்கின் காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது, கேட்டும் கிரில்லும் அடிக்கிற எந்த வெல்டிங் பட்டறையிலும் ஒரு குழாய், இரண்டு வளையம், கொஞ்சம் கம்பியில் கூடை செய்துவிடலாம். சங்கிலியை மட்டும் சற்றுக் கனமாகப் பார்த்து வாங்க வேண்டும். லேசான சங்கிலி என்றால் வட்டு பட்டதும் தெறித்து வெளியே போய்விடும்.